அர்மிராவுக்கு ஒரு டிக்கெட்

சம்பேத்தாவுக்குக் கப்பல் என்றால் உயிர். ஆனால் கப்பலில் கால் வைத்தால் அந்த உயிரே வாய் வழியாக வெளியே வந்துவிடும். இருபத்தொன்பது வருஷமாக எங்கள் அர்மிராத் தீவின் துறையில் நின்று கப்பல் கயிற்றைப் பிடித்துக் கட்டுகிறவள் அவள்தான். செவ்வாயும் வெள்ளியும் ‘தலசினி’ வந்து பின்கதவைத் திறக்கும்போது, காற்றோ மழையோ, ரப்பர் பூட்ஸும் ஆண்பிள்ளைச் சட்டையுமாகக் கரையில் நிற்பாள். பின்தளத்திலிருந்து மாலுமி பந்தேலிஸ் முனையில் குண்டு கட்டிய மெல்லிய கயிற்றை எறிவான். அதை எட்டிப் பிடித்து இழுத்தால் அதன் வாலில் கை பருமனுள்ள வடம் வரும். வடத்தின் வளையத்தைத் தூக்கிக் கட்டுத்தூணில் மாட்டுவாள். கப்பல் நின்றுவிடும்.

இந்த வேலையை யாரும் அவளைக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. முன்பு கயிறு பிடித்தவர் ஒரு நாள் பாசியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். கயிறு கரையில் கிடக்கிறது, ஆண்களெல்லாம் அவரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மாவு மூட்டை வாங்க வந்த சம்பேத்தா கயிற்றை எடுத்து மாட்டினாள். அடுத்த கப்பலுக்கும் அவளே போய் நின்றாள். “பொம்பளை கயிறு பிடிச்சா கப்பல் எப்படிம்மா நிக்கும்?” என்று காப்பிக்கடையில் கேட்டார்கள். “போன தடவை நின்னுச்சே, எப்படி நின்னேன்னு அதையே கேளுங்க” என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கப்பலுக்குள் அவள் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். இருபத்திரண்டு வயதில், பக்கத்துத் திரியோபித் தீவின் ரொட்டிக்கடைக்காரன் ஒருவனுக்கு நிச்சயம் செய்ய அழைத்துப் போனார்கள். இரண்டு மணி நேரப் பயணம். துறைமுனையைத் தாண்டுவதற்குள் குடலைப் பிடுங்க ஆரம்பித்தது. திரியோபியில் மாப்பிள்ளை வீட்டார் பூங்கொத்தோடு நிற்க, இவள் வெளிறிப்போய், புது உடுப்பெல்லாம் நாறிப்போய் இறங்கினாள். “என்னைக் கட்டிக்கணும்னா அவன் அங்க வரட்டும்” என்று சொல்லிவிட்டு அதே கப்பலில் திரும்பி ஏறினாள். அவன் வரவில்லை. “கப்பல் ஏற மனசில்லாதவன் சுடுற ரொட்டி எனக்கெதுக்கு” என்று அவளும் விட்டுவிட்டாள். ஏற மாட்டேன் என்றது யார் என்று கேட்க அப்போது ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அவளுக்கு ஊரில் ஒரு பகையும் உண்டு, காப்பிக்கடை ஸ்டமாடிஸின் மனைவி கல்லிரோயி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கல்லிரோயியின் ஆடு, ஈஸ்டருக்கென்று தோய்த்து உலர்த்தியிருந்த சம்பேத்தாவின் ஒரே நல்ல கவுனைத் தின்றுவிட்டது. “ஆட்டுக்கு என்ன தெரியும், கீழ தொங்கவிட்டது யாரு?” என்று கல்லிரோயி கேட்டாள். அந்த ஈஸ்டருக்குச் சம்பேத்தா செத்துப்போன அப்பாவின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கோவிலில் முதல் வரிசையில் போய் நின்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் எலியும் பூனையும். ஒருத்தி மற்றவளிடம் ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் நடுவில் ஸ்டமாடிஸை நிறுத்தி, “அவகிட்ட சொல்லுங்க” என்பார்கள். அந்த மனுஷனுக்குப் பாதி முடி கொட்டியது இதில்தான்.

நிற்க. அக்டோபர் மாதம் கப்பல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்டமாடிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையில் வாசித்தார். அர்மிராவுக்குப் பயணியே இல்லை, ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால் மட்டுமே கப்பல் இனி அங்கே வரும். பிப்ரவரி முடிவதற்குள் அப்படி அறுபது தடவையாவது நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்ச்சிலிருந்து அர்மிரா கப்பல் தடத்தில் இருக்காது.

குளிர்காலத்தில் தீவில் இருப்பது இருபத்துமூன்று பேர். கப்பல் இல்லையென்றால் மருந்து இல்லை, மாவு இல்லை, காஸ் இல்லை. ஒரு வருஷத்தில் வீடுகளைப் பூட்டிச் சாவியைப் பாறையில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் பயணியே இல்லை என்று எழுதியிருந்தானே, அதில் பொய் கிடையாது. தப்பு எங்கள் மேல். எங்களுக்கு எது வேண்டுமென்றாலும் பின்கதவில் நிற்கிற பந்தேலிஸிடம் கொடுத்துவிட்டால் போதும். மருந்துச் சீட்டைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை மருந்து வரும். பேத்திக்குப் பாலாடைக்கட்டி, தம்பிக்கு வீட்டுச் சாவி, எல்லாம் அவன் கையில் போகும். ஒருத்தருடைய பல் செட்டுகூடத் தனியாகக் கப்பல் ஏறிப் போய்ப் பழுது பார்த்துக்கொண்டு வந்தது, சொந்தக்காரர் துறையைத் தாண்டவில்லை. இவ்வளவு சுகமாக இருந்துவிட்டோம். பல் செட்டைப் பயணி என்று எந்த அலுவலகத்தில் ஒப்புக்கொள்வான்?

கப்பல் ஏறுவதற்கு ஊரில் முறை போட்டுக்கொண்டோம். கப்பல் காலையில் எங்களைத் தொட்டு, திரியோபிக்குப் போய், கடைசித் தீவு வரை போய், மத்தியானத்துக்கு மேல் அதே வழியில் திரும்பி, எங்களைத் தொட்டுவிட்டுப் பெரிய துறைமுகத்துக்குப் போகும். காலையில் ஒருவர் ஏறி மாலையில் இறங்கினால் இரண்டு தடவை ஆயிற்று. முதல் மாதம் உற்சாகமாகத்தான் போனார்கள். பிறகு ஒருத்தருக்கு ஒலிவக்காய் பறிப்பு, ஒருத்தருக்கு முழங்கால், ஒருத்தருக்கு ஆடு ஈனுகிறது. நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை துறையில் ஏறுவதற்கு ஆளே இல்லை. தலசினி தூரத்திலேயே கூவிவிட்டுப் போய்விட்டது. கையில் கயிறில்லாமல் நின்ற சம்பேத்தா நேரே காப்பிக்கடைக்கு வந்தாள்.

“இனிமே நான் போறேன்.”

கடை சிரித்தது. ஸ்டமாடிஸ் கையிலிருந்த காப்பி சிந்தியது. “நீயா? கட்டி நிக்கிற கப்பலைப் பார்த்தாலே உனக்கு ஏப்பம் வருமே.”

“வாந்தி எடுக்கிறவ பயணி இல்லன்னு கடுதாசியில போட்டிருக்கா?”

“போடல.”

“அப்ப உங்க முழங்காலை எல்லாம் தைலம் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு உக்காருங்க. நான் வாந்தி எடுத்தே இந்த ஊரைக் காப்பாத்துறேன்.”

“எல்லாம் சரி. நீ உள்ள இருந்தா கயிறு பிடிக்கிறது யாரு?”

இதை அவள் யோசித்திருக்கவில்லை. அடுப்படியிலிருந்து கல்லிரோயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சம்பேத்தாவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

“அவகிட்ட சொல்லுங்க, நான் பிடிக்கிறேன்னு.”

“அவ பிடிக்கிறாளாம்” என்றார் ஸ்டமாடிஸ், ஒரு முழ தூரத்தில் நின்றவளிடம்.

“அவகிட்ட சொல்லுங்க, வடத்துக்கும் தூணுக்கும் நடுவுல காலை வைக்கக் கூடாது. வளையத்தை மாட்டினதும் மூணு அடி பின்னால வந்துரணும். அலை மோசமா இருந்தா ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கப் பிடிக்கணும், கப்பல் போயிரும். வரலாம்னா ரெண்டு பக்கமும் விரிக்கணும்.”

“அவளுக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க” என்றாள் கல்லிரோயி. பாடம் அவ்வளவுதான்.

முதல் பயணத்தைச் சம்பேத்தா பின்தளத்தில் ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு கழித்தாள். இருபத்தொன்பது வருஷமாகப் பத்து கஜத் தண்ணீரைத் தாண்டிக் கத்திப் பேசியே பழகிய பந்தேலிஸ், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சையை நறுக்கிக் கொடுத்தான்.

“இவ்வளவு வருஷம் நான் எறிஞ்சதையெல்லாம் நீ பிடிச்ச. இப்ப நீ எறியிறதை நான் பிடிக்க வேண்டியிருக்கு” என்றான்.

“பேச்சைக் குறை. வாளியைக் கழுவு.”

வாரத்துக்கு இரண்டு நாள். நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. எலுமிச்சை, இஞ்சி, வெறும் வயிறு, காய்ந்த பார்லி ரொட்டி, எதுவும் கேட்கவில்லை. ஒன்பது கிலோ இளைத்தாள். கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கல்லிரோயி தூணருகே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள், இவள் அவளைப் பார்க்காமல் நடப்பாள். காப்பிக்கடைச் சுவரில் ஸ்டமாடிஸ் கரியால் கோடு போடுவார். இப்படித் தலைகீழாக நின்று சம்பாதித்த கோடுகள் அவை. அதைத்தான் ஜனவரியில் புதுக் கேப்டன் கெடுக்கப் பார்த்தான்.

அர்கீரிஸ் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சு குறைவு. காற்று வேகக் கணக்கில் எட்டைத் தொட்டால் கப்பல் கிளம்பவே கூடாது, அது சட்டம். அதற்குக் கீழே சிறிய துறைகளுக்குப் போவதும் போகாததும் கேப்டன் இஷ்டம். இவன் ஐந்துக்கே எங்கள் துறையை விட்டுவிட்டான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை சம்பேத்தா, கப்பலிலிருந்து தன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனபோது, வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினாள். அனுமதி இல்லை என்று எழுதிய கதவைத் தள்ளித் திறந்தாள்.

“அஞ்சுக்குப் பயந்தா நீ கேப்டனா? எங்கப்பா அஞ்சுல துடுப்புப் படகுல மீன் பிடிச்சாரு.”

“அம்மா, இங்க வரக் கூடாது. கீழ போங்க.”

“போக மாட்டேன். கரையில நிக்கிறவ கையை விரிச்சுத்தானே காட்டினா? வரலாம்னு சொன்னாளே, நீ ஏன் வரல?”

அவன் சுக்கானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதுக்கு முன்னாடி நான் இருந்த தடத்துல ஒரு துறையில ஒருத்தர் கையை விரிச்சுக் காட்டினாரு. நான் நம்பிப் போனேன். அலை கப்பலைத் தூக்குச்சு, வடம் அறுந்து சுண்டுச்சு. இப்ப விரிச்சுக் காட்டணும்னா அவருக்கு ஒரு கைதான் இருக்கு.”

சம்பேத்தா வாளியை இறக்கி வைத்தாள்.

“அதுக்காக எங்க ஊரைக் கொல்லுவியா?” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“எனக்கு ஆள் சாகக் கூடாது.”

“எனக்கும்தான் சாகக் கூடாது. இருபத்துமூணு பேரு.” அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “இனிமே துறை கிட்ட வந்ததும் நான் இங்க வருவேன். அந்தத் தண்ணியோட எனக்கு இருபத்தொம்போது வருஷப் பழக்கம். நான் சொல்றேன், நீ கேளு. பொய் சொன்னேன்னா என்னைத் தூக்கிக் கடல்ல போடு.”

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறு வெள்ளியிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் அவள் வாளியோடு மேலே நின்றாள். “இப்ப வேண்டாம், ரெண்டு அலை போகட்டும். இப்ப போ. இடது பக்கம் ஒதுங்கு, அங்க பாறை” என்பாள். அவன் அப்படியே செய்தான். ஆறு எண் காற்றில்கூட இரண்டு தடவை நின்றது கப்பல். கோடுகள் ஏறின. ஐம்பத்தெட்டில் வந்து நின்றது, மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள். பிப்ரவரி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை.

காலையில் ஏறினாள். ஐம்பத்தொன்பது. துறையில் ஊரே வந்து நின்றது. ஸ்டமாடிஸ் ராக்கிச் சாராயப் புட்டியைத் தூக்கிக் காட்டி, “சாயங்காலம் உனக்காகத் திறக்கிறோம்” என்றார். “எனக்கு வேண்டாம், வயித்துல எதுவும் நிக்காது. நீங்க குடிங்க” என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதுதான் எங்களுக்கு அதிசயம்.

மத்தியானம் திரியோபியைத் தாண்டியபோது காற்று தெற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. எங்கள் துறை தெற்கே திறந்து கிடக்கிறது, மற்ற எந்தக் காற்றையும் அது பொறுத்துக்கொள்ளும். ஆறு என்றார்கள், பிறகு ஏழு என்றார்கள். சம்பேத்தா மேலே ஏறி வந்தபோது கப்பலின் மூக்கு அலைக்குள் போய் வந்துகொண்டிருந்தது. முன்னால் அர்மிரா தெரிந்தது. துறையில் நுரைக்கு நடுவே கல்லிரோயி தூணருகே நின்று கையை விரித்திருந்தாள். அகலமாக, இன்னும் அகலமாக, விட்டால் கை கழன்றுவிடும் போல.

அர்கீரிஸ் வேகத்தைக் குறைத்தான். “அறுபதாவது இதுதான்னு எனக்கும் தெரியும்” என்றான். “ஏழு. போகலாம், போகாமலும் இருக்கலாம். கரையில வான்னு சொல்றாங்க. இவ்வளவு நாள் நீங்க சொன்னது ஒண்ணும் தப்பாப் போகல. இன்னைக்கும் நீங்களே சொல்லுங்க. போன்னா போறேன்.”

போ என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லைப் பல்லுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டாள். அப்போதுதான் தூணுக்குப் பின்னால் நுரை எழும்பியதைப் பார்த்தாள். தெற்குக் காற்றில் அலை நேரே துறையில் ஏறாது. முனைப் பாறையில் மோதி, சுற்றித் திரும்பி, தூணுக்குப் பின்பக்கமாக ஏறும். தண்ணீரைப் பார்த்துக் கொண்டிருக்கிறவளுக்கு முதுகுப் பக்கம் வருவது தெரியாது. வடத்தைக் கையில் வைத்திருக்கும்போது அது வந்தால் ஆளையும் வடத்தையும் சேர்த்து வாரிக் கப்பலுக்கும் கல்லுக்கும் நடுவே போட்டுவிடும். இருபத்தொன்பது வருஷத்தில் தெற்குக் காற்றடித்தால் சம்பேத்தா அந்தத் தூணுக்கே போனதில்லை. இது கல்லிரோயிக்குத் தெரியாது. ஏனென்றால் சம்பேத்தா சொல்லவில்லை. ஸ்டமாடிஸ் வழியாக நாலு வார்த்தை சொன்னாள், ஐந்தாவதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“திருப்பு” என்றாள்.

அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. “என்ன?”

“திருப்புங்கிறேன். வெளியே போ. அவளுக்குப் பின்னாடி வர்ற அலை அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கல.”

“இது போனா...”

“எனக்கு எண்ணத் தெரியும். திருப்பு.”

தலசினி நீளமாக ஒரு கூவு கூவிவிட்டு வெளிக்கடலுக்குத் திரும்பியது. துறையில் கல்லிரோயி விரித்த கையை இறக்கவே இல்லை. பார்க்க முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். சம்பேத்தா கீழே போய்ப் பின்தளத்தில் உட்கார்ந்து அழுதாள். வாந்தியும் எடுத்தாள். மூன்றரை மாதம் குடலைக் கக்கிச் சேர்த்ததைத் தன் வாயாலேயே அழித்துவிட்டோமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பந்தேலிஸ் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை.

மாலையில் பெரிய துறைமுகத்தில் கட்டினார்கள். பயணிகள் இறங்கிப் போனார்கள். பந்தேலிஸ் வந்து, “எழுந்திரு. எங்க அக்கா வீட்டுல ஒரு கட்டில் காலியாக் கிடக்கு” என்றான்.

சம்பேத்தா சட்டைப் பையில் கைவிட்டு டிக்கெட்டை எடுத்தாள். நனைந்து பிய்ந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

“இதுல எந்த ஊர் போட்டிருக்கு?”

“அர்மிரா.”

“இது அர்மிராவா?”

“சம்பேத்தா, விளையாடாத.”

“விளையாடல. என்னை அர்மிராவுல இறக்கிவிடுறேன்னு சொல்லி டிக்கெட் குடுத்திருக்கான். இறக்கிவிடட்டும். அதுவரைக்கும் நான் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.”

கேப்டன் வந்தான். துறைமுகப் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றான். வரட்டும் என்றாள். போலீஸ்காரர் வந்தார், வயதானவர். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காத்துனால இறக்க முடியலேன்னா அடுத்த கப்பல்ல கொண்டுபோய் விடணும். அது உண்மைதான்” என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த கப்பல் செவ்வாய்க்கிழமை, இதே தலசினிதான். சம்பேத்தா காலை நீட்டி உட்கார்ந்தாள்.

சனி, ஞாயிறு. கட்டிப் போட்டிருந்தாலும் கப்பல் ஆடத்தான் செய்தது, வாளி பக்கத்திலேயே இருந்தது. துறைமுகம் பூராவும் சேதி பரவிவிட்டது. மாலுமிகளின் மனைவிமார் மொச்சைச் சாறும் கம்பளியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தி, “இந்த வயசுல உனக்கெதுக்கம்மா இந்தப் பிடிவாதம்?” என்று கேட்டாள். “இந்த வயசுல வேற என்ன மிச்சம் இருக்கு, அதையும் விட்டுட்டா?” என்றாள் சம்பேத்தா.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். டையும் தோல்பையுமாக, பெஞ்சுக்கு நாலடி தள்ளி நின்றார், வாளியைப் பார்த்துக்கொண்டு.

“அம்மா, ஐம்பத்தொன்பதுதான் ஆச்சு. தேதி முடிஞ்சுபோச்சு. அர்மிரா இப்ப தடத்துலேயே கிடையாது. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் குடுத்துடறோம்.”

“பணம் வேண்டாம். எனக்கு ஊர் வேணும்.”

“இல்லாத துறைக்குக் கப்பல் எப்படிப் போகும்?”

“இல்லாத துறைக்கு வெள்ளிக்கிழமை ஏன் டிக்கெட் வித்தீங்க?”

“அன்னைக்கு இருந்துச்சு.”

“நானும் அன்னைக்கு ஏறினவதான். இன்னும் இறங்கல.”

அப்போது அர்கீரிஸ் மேலிருந்து இறங்கி வந்தான். கையில் கப்பலின் பயணப் புத்தகம். அதை விரித்து அவருக்கு முன்னால் வைத்தான்.

“இருபத்தெட்டாம் தேதிப் பயணத்தை நான் இன்னும் முடிச்சுக் கையெழுத்துப் போடல சார். எப்படிப் போடுவேன்? ஒரு பயணி உள்ள இருக்காங்க.”

“கேப்டன், இது உங்களுக்கு நல்லதில்லை.”

“இருக்கலாம். அன்னைக்கு அறுபதாவது நின்னிருக்கும். இவங்க போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். கரையில ஒரு பொம்பளை செத்திருப்பா, உங்க கணக்கு சரியா இருந்திருக்கும். திருப்புன்னு சொன்னாங்க. அதை இங்க எழுதியிருக்கேன், யார் வேணா படிக்கட்டும். இந்தப் பயணம் அர்மிராவுலதான் முடியும். வேற எங்கயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற கேப்டனை வச்சுக்கங்க, அவனும் இவங்களை இறக்கித்தான் ஆகணும்.”

அவ்வளவு வார்த்தைகளை அவன் ஒரே மூச்சில் பேசி அந்தக் கப்பலில் யாரும் கேட்டதில்லை. அலுவலகக்காரர் கரைக்குப் போய் ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து, கப்பல் செவ்வாய்க்கிழமை அர்மிராவில் நிற்கும், அது இருபத்தெட்டாம் தேதிக் கணக்கிலேயே சேரும், அறுபது ஆயிற்று, என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார். பயணி இருந்தால்தான் நிற்கும் என்கிற விதி மட்டும் அப்படியே இருக்கும் என்று விரலை ஆட்டினார்.

“பயணிக்கு என்ன பஞ்சம்” என்றாள் சம்பேத்தா, வாளியைப் பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரி கிடந்தது. தலசினி பின்பக்கமாகத் துறைக்கு வந்தது. பந்தேலிஸ் எறிந்தான், கல்லிரோயி பிடித்தாள், வடத்தை மாட்டினாள், மூன்று அடி பின்னால் போனாள். சம்பேத்தா இறங்கி வந்தாள். நாலு நாள் கட்டிய துணி, கால் தள்ளாடியது. மற்றவர்கள் கை தட்டினார்கள். கல்லிரோயி தட்டவில்லை. புருஷனைத் தேடிப் பிடித்து நடுவில் இழுத்து நிறுத்தினாள்.

“அவகிட்ட சொல்லுங்க, நான் கையை விரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்னு.”

ஸ்டமாடிஸ் வாயைத் திறப்பதற்குள் சம்பேத்தா, “பார்த்தேன்” என்றாள்.

“பார்த்தியா?” கல்லிரோயி புருஷனைத் தள்ளிவிட்டு நேரே வந்து நின்றாள். பதினோரு வருஷம் கழித்து வந்த முதல் பேச்சு, அடி போல வந்தது. “பார்த்துட்டா திருப்பச் சொன்ன? இருபத்துமூணு பேருடி. மருந்துக்கு நிக்கிறவங்க இருக்காங்க. மூணரை மாசம் நீ கக்கினதெல்லாம் தண்ணியில போயிருந்தா? எனக்கென்ன, வயசு அறுபத்திரண்டு. நான் போனா போறேன்னுதானே நின்னேன். என் ஒருத்திக்காக ஊரைத் தூக்கிக் குடுக்கச் சொல்லி உன்கிட்ட யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல.”

“அப்புறம்?”

“நீ போயிட்டா இந்த ஊர்ல நான் யார்கூடடி பேசாம இருக்கிறது?”

கல்லிரோயி முகத்தைக் கையுறையோடு துடைத்துக்கொண்டாள். பின்கதவில் நின்ற பந்தேலிஸ் கடலைப் பார்க்கத் திரும்பினான். மேலே அர்கீரிஸ் நேரமாகிறது என்று ஒரு தடவை கூவினான்.

“வெள்ளிக்கிழமை நான் ஏறுறேன்” என்றாள் கல்லிரோயி. “நீ கொஞ்ச நாள் தரையில நில்லு. பார்க்கச் சகிக்கல உன்னை.”

“ஏறு. அதுக்கு முன்னாடி இங்க வா.” சம்பேத்தா அவள் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்பக்கம், பாசி ஏறிய கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “தெற்குக் காத்து அடிச்சா அலை இந்தப் பக்கமாத்தான் ஏறும். இங்க நின்னியோ, செத்த. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. என் தப்பு. இப்ப நல்லாப் பாத்துக்க.”